செவலை நக்கிய ரோலர்

1. தொழுவத்தில் நடந்தது

ஆடிக் கிருத்திகைக்கு ஒரு வாரம்கூட இல்லாத நாள். காலையில் எங்கள் செவலை மாடு அச்சு ரோலரை நக்கிவிட்டது. பதிப்புத் தொழிலில் எனக்கு வந்த ஆபத்துகளைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் முதலில் சொல்வேன். காகிதத் தட்டுப்பாடு, கரையான், பதிலே போடாத புத்தகக் கடைக்காரர்கள் எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன். ரப்பர் ரோலரையே பார்த்து வளர்ந்த இளம் பதிப்பாளர்களுக்கு இது விளங்காது. அந்த நாளில் ரோலர் என்பது இரும்புத் தண்டின் மேல் வஜ்ஜிரத்தையும் வெல்லப் பாகையும் சேர்த்துக் காய்ச்சி வார்த்தது. வஜ்ஜிரம் என்றால் தச்சர்கள் மரத்தை ஒட்டக் காய்ச்சுகிற பசை. ரோலர் விரலில் லேசாக ஒட்ட வேண்டும், அழுத்தினால் கொஞ்சம் அமுங்கி உடனே எழும்ப வேண்டும். அப்போதுதான் அது மையை எடுத்து எழுத்துகளின் மேல் ஒரே சீராகத் தடவும். ரோலர் கெட்டுப்போனால் மெஷின் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

எங்கள் அச்சுக் கொட்டகைக்குத் தகரக் கூரை. திருத்தணி வெயிலில் பழைய ரோலர்கள் வெடித்துவிட்டன. சென்னையில் புதிதாக வார்த்து வாங்கிய ஜோடி ஒன்று முதல் நாள்தான் ரயிலில் வந்திருந்தது. தகரத்துக்குக் கீழே வைத்தால் அதுவும் இளகிவிடும் என்று, ஓலைக் கூரை போட்ட மாட்டுத் தொழுவத்தில் குளுமையாக ஒரு மூலையில் நிறுத்தி வைத்தோம். சென்னையில் இருக்கிற எந்த அச்சகத்துக்காரருக்கும் இப்படி ஒரு யோசனை வராது, ஏனென்றால் அவர்களிடம் தொழுவம் கிடையாது. மையே படாத புது ரோலர், கமகமவென்று வெல்ல வாசனை. மாடு என்ன செய்யும்?

எழுத்துக் கோக்கிற கோதண்டம் அரக்கோணத்துக்காரர். காலை ரயிலில் திருத்தணி வந்து இறங்கி, கண்டிகை கிராமம் வழியாக நடந்து வருவார். அன்று வந்ததும் வராததுமாகத் தொழுவத்திலிருந்து அவர் குரல்தான் கேட்டது.

"அம்மா! ஓடியாங்கம்மா! செவலை ரோலரைத் துன்னுகினு கீது!"

ஓடினேன். ஒரு ரோலரில் நீளவாக்கில் பள்ளம் பள்ளமாக நாக்குத் தடம். இன்னொன்று கீழே விழுந்து மிதிபட்டுச் சாணியும் கோமியமுமாகக் கிடந்தது. செவலை மூக்கை நக்கிக்கொண்டு என்னைப் பார்த்தது. அதன் முகத்தில் இருந்த திருப்தியை இத்தனை வருஷம் கழித்தும் என்னால் மறக்க முடியவில்லை. எனக்கு அழுகை வந்தது. அழுகிற நேரமில்லை என்பதால் மாட்டைத் திட்டினேன்.

கிருத்திகைக்கு வர வேண்டிய என் புத்தகத்தில் பாதிதான் அச்சாகியிருந்தது.

2. கச்சேரியில் ஒரு கையெழுத்து

அந்தப் புத்தகம் வராவிட்டால் என்ன போய்விடும் என்று கேட்பீர்கள். மெஷினே போய்விடும். அதைச் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

உலகச் சண்டைக் காலத்தில், குண்டு விழப்போகிறது என்று சென்னையே மூட்டை கட்டியபோது நாங்களும் கட்டினோம். என் கணவரும் அவருடைய அண்ணனும் சேர்ந்து நடத்திய அச்சகத்தில் ஒரு சின்ன டிரெடில் மெஷின் இருந்தது. காலால் மிதித்து ஓட்டுவது. அதைக் கழற்றிக் கூட்ஸ் வண்டியில் திருத்தணிக்கு அனுப்பி, அங்கிருந்து கட்டை வண்டியில் ஏற்றி, கண்டிகைக்கு அப்பால் எங்கள் குடும்பத்துக்கு இருந்த ரெண்டு ஏக்கர் நிலத்துக்குக் கொண்டுவந்தோம். ஒரு கிணறு, கொஞ்சம் கேழ்வரகு, வேர்க்கடலை, ஒரு ஜோடி மாடு. பக்கத்து வீடு என்றால் ஒரு கூப்பிடு தூரம்.

அச்சு மெஷின் ஓர் இடத்தில் ஓட வேண்டுமானால் அதற்குப் பொறுப்பானவர் மாஜிஸ்ட்ரேட் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். கெடு முடிகிற நாளில் என் வீட்டுக்காரர் குளிர் ஜுரத்தில் கிடந்தார். நான் போனேன். மாஜிஸ்ட்ரேட் கச்சேரியில் இருந்த குமாஸ்தா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வீட்டுல ஆம்பளைங்க யாரும் இல்லியாம்மா?"

"இருக்காருங்க. ஜுரத்துல படுத்துகினு இருக்காரு. மிஷினும் நிக்குது, நானும் நிக்கிறேன். எங்க கையெழுத்துப் போடணும் சொல்லுங்க."

போட்டேன். அன்றிலிருந்து எங்கள் கொட்டகையில் அச்சான ஒவ்வொரு தாளிலும், அச்சிட்டவர், வெளியிட்டவர் என்ற இடத்தில் மங்கம்மாள் என்று என் பெயர் வந்தது. சென்னையில் நான் அந்த மெஷினைத் தொட்டதில்லை. புரூஃபைச் சமையலறை வாசல் வழியாக நீட்டுவார்கள், திருத்தித் திருப்பி நீட்டுவேன். என் கட்டுரைகள்கூட வேறு யாரோ எழுதின மாதிரி பெயரில்லாமல்தான் வந்தன. இங்கே நானே எழுதினேன், நானே கோதண்டத்தோடு உட்கார்ந்து பக்கம் கட்டினேன். இங்கே எழுத்துப் பெட்டிக்குள் தேள் இருக்கும், குச்சியால் தட்டிவிட்டுத்தான் கைவைக்க வேண்டும். எனக்கு அதெல்லாம் ஒரு குறையாகவே படவில்லை. நான் வாழ்க்கையில் சந்தோஷமாக இருந்த இடம் அந்தத் தகரக் கொட்டகைதான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

குண்டுப் பயம் குறைந்ததும் என் வீட்டுக்காரரின் அண்ணன் சென்னைக்குத் திரும்பி அச்சகத்தைத் திறந்துவிட்டார். அவரை நான் பாவா என்று கூப்பிடுவேன். கெட்டவர் இல்லை. தொழிலில் கெட்டிக்காரர். ஆனால் அவர் மனசில் வீடு ஒரு பக்கம், மெஷின் ஒரு பக்கம், நடுவில் ஒரு கதவு. சித்திரை மாதம் வந்து கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார்.

"மங்கா, காட்டுல இன்னாத்துக்கு மிஷினு? பட்டணத்துல வேலை குவிஞ்சி கிடக்குது. நீ வந்து ஊட்டைப் பாத்துக்கோ, மிஷினை ஆம்பளைங்க பாத்துக்குவாங்க."

"இங்க நான் ஒரு புஸ்தகம் எழுதிகினு இருக்கேன் பாவா. ஆடிக் கிருத்திகைக்கு வந்துடும்."

"வந்தா பாக்கலாம். கிருத்திகைக்கு மொத நாளு, பரணி அன்னிக்கு நான் வருவேன். புஸ்தகம் ஜனங்க கையில இருந்தா மிஷின் இங்க இருக்கட்டும். இல்லன்னா வண்டி கட்டிகினு எடுத்துகினு போயிடுவேன். அப்புறம் மூஞ்சத் தூக்கக் கூடாது."

கச்சேரியில் கையெழுத்துப் போட்டவள் நான். பாவாவிடம் அப்போதே சட்டம் பேசியிருக்கலாம். பேசவில்லை. மெஷினில் பாதிப் பங்கு அவருடையது, அதோடு புத்தகம் வந்துவிடும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒப்புக்கொண்டேன்.

3. கிணற்றடியில் எழுதின புத்தகம்

வடக்கே இருந்து காவடி எடுத்து நடந்து வருகிறவர்களுக்கு எங்கள் நிலம் வழியில் இருந்தது. கிணற்றைக் கண்டால் காவடியை இறக்கி வைத்துத் தண்ணீர் குடிப்பார்கள். குடித்துவிட்டுக் கேட்பார்கள். மலை இன்னும் எவ்வளவு தூரம்? குளத்தில் தண்ணீர் இருக்கிறதா? மொட்டை எங்கே அடிக்கிறார்கள்? கால் கொப்புளத்துக்கு என்ன போடுவது? திரும்பிப் போக ரயில் எப்போது? தமிழில் பாதிப் பேர், தெலுங்கில் பாதிப் பேர், கேள்வி மட்டும் ஒன்றேதான்.

பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துத்தான் அந்தப் புத்தகத்தை எழுதினேன். எந்தத் தடத்தில் எங்கே நல்ல தண்ணீர், காவடிப் பூ வாடாமலிருக்க ஈரத் துணியை எப்படிச் சுற்றுவது, நடக்கிறதுக்கு முதல் நாளே பாதத்தில் விளக்கெண்ணெய் தடவுவது, கூட்டத்தில் பிள்ளை தொலைந்தால் எங்கே போய் நிற்பது என்று முன்கூட்டியே பேசி வைப்பது, இப்படி. பெரிய இலக்கியமில்லை. ஆனால் அதில் ஒரு வரிகூட நான் உட்கார்ந்து யோசித்து எழுதினதில்லை. எல்லாம் அந்த ஜனங்கள் கேட்டதும், போய்விட்டு வந்தவர்கள் சொன்னதும். வாசகர் எதிரே நின்று கேட்கும்போது எழுதுவதைப் போலச் சுகம் வேறில்லை.

எங்களிடம் எழுத்துகள் குறைவு. நாலு பக்கம் கோத்து, அச்சடித்து, எழுத்துகளைப் பிரித்துப் போட்டுத்தான் அடுத்த நாலு பக்கம் கோக்க முடியும். அப்படிப் பாதிப் புத்தகம் முடிந்த நேரத்தில்தான் பழைய ரோலர்கள் வெடித்தன, புது ரோலர்களைச் செவலை ருசி பார்த்தது.

4. அதிரசப் பாகும் உருண்டைப் பாகும்

தண்டுகளைச் சென்னைக்கு அனுப்பி, அங்கே வார்த்து, பார்சலில் திரும்பி வருவதற்குள் முருகன் தெப்பத்தில் சுற்றி முடித்து மலைக்கே போயிருப்பார். என் வீட்டுக்காரர் தயங்கித் தயங்கி ஒரு வழி சொன்னார்.

"மங்கா, அண்ணன் கிட்டயே கேட்டுடலாமா? ஒரு ஜோடி ரோலர் குடுப்பாரு."

"குடுப்பாருங்க. கூடவே வண்டியும் அனுப்புவாரு."

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். நான் கேட்டேன்.

"ரோலர்ல என்னென்ன இருக்குது? வஜ்ஜிரம், வெல்லம். வேற?"

"வேற ஒண்ணும் கெடையாது."

"அப்புறம் அதுக்கு எதுக்குப் பட்டணம்? பாகு காய்ச்ச எனக்குத் தெரியாதா?"

கோதண்டம் குறுக்கே வந்தார். "அம்மா, இது பட்சணம் இல்லம்மா. பட்டணத்துல இதுக்குன்னே தனி ஆளுங்க கீறாங்க."

"அந்த ஆளுங்களுக்கு அதிரசம் சுடத் தெரியுமான்னு கேட்டுகினு வாங்க," என்றேன்.

ரோலர் வார்க்க ஒரு பித்தளைக் குழாய் வேண்டும், உள்ளே வழவழப்பாக. எங்களிடம் இருந்தது. மெஷினோடு வந்த பழைய சாமான்களில் கிடந்ததை என் வீட்டுக்காரர் எடுத்து, கிணற்று வாய்க்காலில் குறுக்கே தண்ணீர் போக வைத்திருந்தார். பிடுங்கி, புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். கெட்டுப்போன ரோலர் எல்லாவற்றையும் தண்டிலிருந்து அரிந்து துண்டு துண்டாக நறுக்கினோம். அந்தப் பண்டத்தை மறுபடி உருக்கலாம் என்பது கோதண்டத்துக்குத் தெரிந்திருந்தது. சாணி பட்டதைச் சீவி எறிந்தோம். குறைந்ததற்குத் திருத்தணித் தச்சரிடம் கொஞ்சம் வஜ்ஜிரம் வாங்கி ஊற வைத்தேன். வெல்லத்துக்குப் பக்கத்து நிலத்து முனிரத்தினத்திடம் போனேன். அவர் கரும்பு போடுகிறவர், வீட்டில் எப்போதும் வெல்லம் இருக்கும்.

"இன்னாம்மா, வெல்லம் மாட்டுக்கா, மிஷினுக்கா?" அதற்குள் ஊரெல்லாம் செய்தி பரவியிருந்தது.

"ரெண்டுக்கும் அண்ணே. மாடு நல்லா இருக்குதுன்னு சொல்லிட்டுது. மிஷின் இன்னா சொல்லுதுன்னு பாக்கணும்."

பெரிய அண்டாவில் வெந்நீர் கொதிக்கவிட்டு, அதற்குள் சட்டியை வைத்து உருக்கினேன். நேரடியாக நெருப்பு பட்டால் வஜ்ஜிரம் தீய்ந்துவிடும். தனியாகப் பாகு காய்ச்சி, தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டிப் பார்த்து, அதிரசப் பதத்தில் இறக்கி அதில் கலந்தேன். குழாய்க்குள் எண்ணெய் தடவி, நடுவில் தண்டை நிறுத்தி, காற்றுக் குமிழ் சேராமல் மெல்ல ஊற்றினோம். வஜ்ஜிர நாற்றத்தைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டேன். என் வீட்டுக்காரர் அன்று மதியம் சாப்பிடவில்லை.

மறுநாள் உருவினோம். தண்டோடு வந்தது. வந்து, வெயில் ஏற ஏறத் தண்டை விட்டுத் தொங்கியது. தொட்டால் விரலோடு இழுத்துக்கொண்டு வந்தது. கோதண்டம் என்னைப் பாராமல் எழுத்துப் பெட்டியைத் துடைக்கப் போய்விட்டார். பாராமல் போனதுதான் எனக்குச் சுருக்கென்றது.

அன்று பயந்தேன். அதுவரை பயப்படவில்லை. சமையலறை வாசலும் அதன் வழியாக நீளுகிற புரூஃப் காகிதமும் கண்ணுக்கு முன்னால் வந்தன. அடுப்பங்கரையில் உட்கார்ந்து, தோற்றுப்போன ரோலரைக் கையில் வைத்துப் பிசைந்துகொண்டே இருந்தேன். பிசையப் பிசைய ஒன்று புரிந்தது. இது அதிரச மாவு இளகிப்போன இளக்கம். பாகில் தண்ணீர் தங்கிவிட்டது. அதிரசம் எண்ணெயில் வெந்து கெட்டியாகும், அதனால் அதற்கு இளம் பாகு போதும். இதை யார் எண்ணெயில் போடப்போகிறார்கள்? இதற்குப் பொருவிளங்காய் உருண்டைக்கு வைக்கிற கெட்டிப் பாகு வேண்டும். ஆனால் முழு உருண்டைப் பாகு வைத்தால் ரோலர் கல்லாகிவிடும், மை ஒட்டாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பதம் இருக்கிறது. பாகைத் தண்ணீரில் விட்டால் உருள வேண்டும், உருண்டதைக் கிண்ணத்தில் போட்டால் சத்தம் வரக்கூடாது. அந்தப் பதத்துக்கு எந்தப் பட்சணமும் இல்லை. ரோலர்தான்.

மறுபடி எல்லாவற்றையும் உருக்கினேன். இந்தத் தடவை அந்த நடுப் பதத்தில் பாகை இறக்கிக் குறைவாகச் சேர்த்து, வஜ்ஜிரத்தை ஒரு கை கூட்டினேன். ஊற்றியதும் குழாயின் இரண்டு வாயையும் மெழுகுத் துணியால் இறுகக் கட்டி, கயிற்றில் கோத்துக் கிணற்றுக்குள் இறக்கச் சொன்னேன்.

"தண்ணி பட்டா கெட்டுடும் மங்கா," என்றார் என் வீட்டுக்காரர்.

"தண்ணிக்கு மேல ஒரு முழம் இருக்கட்டும். தண்ணி வேணாம், குளுமைதான் வேணும்."

மறுநாள் காலையில் மேலே இழுத்து உருவினோம். ஒரு குமிழ் இல்லை, ஒரு வெடிப்பு இல்லை. கோதண்டம் கட்டைவிரலால் அழுத்தினார். அமுங்கியது, எழும்பியது. தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஆங்! இதாம்மா ரோலரு!" என்றார். அதே குழாயில் மற்றதையும் வார்த்தோம். அது முடிந்து வரும் வரை செவலை வேப்ப மரத்தடியில், கயிறு எட்டாத தூரத்தில் கட்டிக் கிடந்தது.

5. பரணி அன்று வந்த வண்டி

மிச்சப் பக்கங்களை என் வீட்டுக்காரர் மிதி மிதி என்று மிதித்துத் தள்ளினார். வெயில் ஏறினால் ரோலர் இளகுமே என்று விடியற்காலையும் சாயங்காலமும் மட்டும் ஓட்டினோம். நடுப்பகலில் ரோலர்கள் கயிற்றில் ஏறிக் கிணற்றுக்குள் தொங்கும். களையெடுக்க வருகிற பெண்கள் கோணி ஊசியால் புத்தகத்தைத் தைத்துக் கொடுத்தார்கள். அவர்கள் தைத்த தையல் இன்றைக்கும் பிரியவில்லை.

பரணி அன்று பாவா சொன்னபடி வந்தார். ஸ்டேஷனிலிருந்து காலி வண்டி ஒன்றைப் பேசிக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். மெஷினைக் கட்டக் கயிறுகூட இருந்தது.

கிணற்றடி முழுக்கக் காவடிகள். மஞ்சள் வேட்டியும் பூ வாசனையுமாக ஜனங்கள் நின்றார்கள். கொஞ்சம் புத்தகம் தைத்து வந்துவிட்டது, கடைசி நாலு பக்கத்தின் மிச்சப் படிகள் கொட்டகையில் ஓடிக்கொண்டிருந்தன. பாவா நேரே மெஷினுக்குப் போனார். அப்போது ஒரு பெரியவர், நகரிப் பக்கத்துக்காரர், என்னிடம் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"நமக்குப் படிப்பு வராதும்மா. இதுல கால் கொப்புளத்துக்கு இன்னா போட்டுகீது?"

படித்துக் காட்டினேன். அவர் தலையாட்டினார்.

"அது நான் போன வருசம் உன்கிட்ட கேட்டதாச்சே! அதே வார்த்தை கீதே!"

"நீங்க கேட்டதுதான் நைனா. அதான் அச்சடிச்சேன்."

அவர் சிரித்து, பின்னால் வந்தவர்களையெல்லாம் தெலுங்கில் கூப்பிட்டார். ஆளுக்கொன்று வாங்கிக் காவடிப் பூவுக்கு நடுவில் செருகிக்கொண்டார்கள்.

திரும்பினால் பாவா மெஷின் பக்கத்தில் நிற்கிறார். அச்சகத்துக்காரருக்குக் கை சும்மா இருக்குமா? ரோலரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு இன்னொரு தடவை அழுத்தினார்.

"இது யாரு வார்த்தது?"

"நான்தான் பாவா."

"பட்டணத்துலயே இந்த வெயிலுக்கு எல்லாம் இளகிப்போச்சி. மத்தியானத்துல வேலையே ஓடமாட்டேங்குது. இதுல இன்னா போட்ட?"

"பாகு. பதம் பாத்து எறக்கணும்."

அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் மிதிப்பதை நிறுத்தாமலே, "நான் அன்னிக்குச் சோறுகூடத் துன்னல," என்றார். பாவாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்ச நேரம் தாள் ஒவ்வொன்றாக வந்து விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் வெளியே போய் வண்டிக்காரரைக் கூப்பிட்டார்.

மெஷினை ஏற்றத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். புத்தகம் ஜனங்கள் கையில் இருக்கிறது, பேச்சு பேச்சுதானே என்று கேட்க வாயெடுத்தேன்.

"வண்டி கூலி பேசி இட்டாந்தாச்சி," என்றார் பாவா. "காலியா போவக் கூடாது. தைச்ச புஸ்தகம் எல்லாத்தையும் ஏத்து மங்கா. மலையடிவாரத்துல குளத்தண்ட இறக்கிட்டு நானே நின்னு விக்கிறேன். ஜனம் அங்கதான் கீது."

மெஷினுக்கென்று கொண்டுவந்த கயிற்றால் புத்தகக் கட்டுகளைக் கட்டினோம். என் பெயர் போட்ட புத்தகத்தைப் பாவா தம் கையாலேயே தூக்கி ஏற்றினார்.

6. இளம் பதிப்பாளர்களுக்கு

பட்டணத்தில் இல்லாமல் எப்படிப் பதிப்பித்தீர்கள் என்று இப்போதும் என்னிடம் கேட்கிறார்கள். பட்டணத்தில் இல்லாததால்தான் பதிப்பித்தேன். அங்கே இருந்திருந்தால் கிணற்றடியில் கேள்வி கேட்கிற ஜனங்கள் இல்லை, ரோலரை இறக்கக் கிணறும் இல்லை. இருக்கிற இடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அடுப்பில் கற்றதை அடுப்போடு விட்டுவிடாதீர்கள். தொழில் தெரிந்தவர்கள் முடியாது என்று சொன்னால் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, ஒரு தடவை செய்து பாருங்கள். தோற்றால் இன்னொரு தடவை. முதல் வார்ப்பைக் கையில் வைத்துப் பிசைந்திராவிட்டால் எனக்கு இரண்டாவது வார்ப்பு வந்திருக்காது.

அடுத்த கோடையில் ஸ்டேஷனுக்கு வந்த ஒரு பார்சலைக் கோதண்டம் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார். கோணியில் சுற்றிய இரும்புத் தண்டுகள், பாவாவின் அச்சகத்து மெஷின்களுடையவை. வெயில் காலத்துக்கு இந்த வருஷம் மங்காவே வார்த்துக் கொடுக்கட்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு பங்குனியிலும் அந்தத் தண்டுகள் ரயிலேறி எங்கள் நிலத்துக்கு வந்தன.

அவை வந்ததும் முதல் வேலையாகச் செவலையை வேப்ப மரத்தடியில் தூரமாகக் கட்டுவேன். அப்புறம்தான் அடுப்பு மூட்டுவேன்.